எல்லம்மா போட்ட மேசை

கடலுக்கு அக்கரையில், ஒல்லாந்தர் பட்டணமான இந்தப் பத்தாவியாவில் நாற்காலியில் உட்கார்ந்து, சோற்றைப் பூவின்மேல் போட்டுத் தின்கிறார்கள். சிரிக்காதீர்கள், நிஜம்தான். சீனத்திலிருந்து கப்பலில் வந்த பீங்கான் தட்டுகள் அவை. ஒவ்வொன்றிலும் ஒரு கொம்பு, அதில் இரண்டு சிவப்புப் பூ, நுனியில் ஒரு மொட்டு. எங்கள் எசமானியின் மாமியாருக்கும் முந்தின தலைமுறைச் சொத்தாம். எசமானியை இங்கே மெவ்ரவ் என்று அழைக்கவேண்டும். மேசைக்குப் பெயர் தாஃபல். துணியைச் சுருக்கமில்லாமல் விரித்து, கத்தியை வலப்பக்கம் வைத்து, பூக்கொம்பின் அடி சாப்பிடுகிறவர் வயிற்றைப் பார்க்கவும் மொட்டு எதிரே பார்க்கவும் தட்டை வைக்கவேண்டும். கொஞ்சம் திரும்பியிருந்தாலும் திட்டு. நான் வாங்கிய திட்டையெல்லாம் பழவேற்காட்டு ஏரியில் கொட்டினால் கரை புரளும்.

ஏரி வற்றிய பஞ்சத்தில்தான் நாங்கள் வந்தோம். இறாலைத் தடவிப் பிடித்த கைகளுக்குச் சேறு மட்டுமே அகப்பட்ட நாட்கள். நைனா என்னையும் தங்கை எல்லம்மாவையும் ஒல்லாந்தர் கோட்டைக்குக் கூட்டிப்போய், கப்பலுக்கு ஆள் வாங்குகிறவர்களிடம் விட்டார். "அங்க சோறாவது கெடைக்கும். தங்கச்சியக் கைவுட்றாதம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் என்மேல்தான். அதைச் சொல்லத்தான், எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்துக் குப்பத்துக்கு இதை எழுதவைக்கிறேன்.

மெவ்ரவின் தம்பி குடும்பத்தோடு ஒல்லாந்துக்கே திரும்புவதாக இருந்தார். கப்பலில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வேண்டும். "இந்த வீட்டில் எதற்கும் உதவாதவளை அனுப்பிவிடுகிறேன்" என்று மெவ்ரவ் சொன்னதை, நம் பாஷை தெரிந்த சமையல்காரி என் காதில் போட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூங்குகிறவளும், கிண்ணத்தை உடைக்கிறவளும் எல்லம்மாதானே. அவர்கள் கிளம்பும் நாளன்று பகல் விருந்து. பழைய பூத்தட்டுகளை வெளியே எடுக்கச் சொன்னார்கள். நான் மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"இன்னிக்கு மேசைய நீ போடு. நீயும் வேலைக்காவறவள்னு மெவ்ரவ் பாக்கட்டும்."

"ஒடஞ்சிட்டா இன்னாக்கா பண்றது?"

"ஒடயாது. கைய நல்லா தொடச்சிக்கினு எடு."

நான் அடுப்படிக்குப் போய்த் திரும்புவதற்குள் பன்னிரண்டு தட்டையும் வைத்துவிட்டாள். கல்யாணப் பந்தியில் வாழையிலை போடுகிற மாதிரி, ஒவ்வொரு கொம்பின் நுனியும் சாப்பிடுகிறவரின் இடப்பக்கம் பார்த்தபடி இருந்தது.

"இன்னாடி பண்ணி வச்சிருக்க?"

"நுனி எடது பக்கம் தானக்கா இருக்கணும்?" என்றாள் பாவி.

மாற்ற நேரமில்லை. எல்லோரும் உள்ளே வந்துவிட்டார்கள். தம்பியின் மனைவி மேசையருகே நின்றாள். ஒரு தட்டின் மொட்டு முடிகிற இடத்தில் அடுத்த தட்டின் கொம்பு தொடங்கி, மேசையைச் சுற்றி ஒரே கொடியாய் ஓடியது. அவள் மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். யார் செய்தது என்று கேட்டாள். எனக்கு அவர்கள் பாஷையில் தெரிந்தது பத்துச் சொல். அதில் இரண்டை எடுத்து, "என் தங்கை, என் தங்கை" என்று சொல்லி, எல்லம்மாவை முன்னால் தள்ளினேன். அந்த அம்மாள் அவள் முகவாயைத் தொட்டு மெவ்ரவிடம் ஏதோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். பிழைத்தோம் என்று நானும் சிரித்தேன்.

சமையல்காரிதான் மிச்சத்தையும் எனக்கு விளங்கும்படி சொன்னாள். முதலில் அனுப்புவதாக இருந்தது தோட்டத்து வேலைக்காரியையாம். மேசையைப் பார்த்தபிறகு, இந்தப் பெண்தான் வேண்டும் என்று அந்த அம்மாள் கேட்டுவிட்டாளாம். நான் வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் எல்லம்மா இங்கேயே இருந்திருப்பாள். என் கையாலேயே தள்ளினேன். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

"நீ வரலியாக்கா?" என்று வாசலில் கேட்டாள்.

"நீ முன்னால போ. நா அடுத்த கப்பல்ல வரேன்" என்றேன். அவள் நம்பினாள்.

வண்டி போனதும் மெவ்ரவ் தட்டுகளைக் கழுவச் சொன்னாள். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பயணம் போனவுடன் வீட்டைப் பெருக்குவதோ கழுவுவதோ நம் பக்கத்தில் கிடையாது. பிணம் போன வீட்டில்தான் உடனே கழுவுவார்கள். பத்துச் சொல்லில் இதை எப்படிச் சொல்வது? "இப்போது கழுவினால் தங்கை திரும்பி வரமாட்டாள்" என்று எப்படியோ சொல்லி முடித்தேன். சோம்பலுக்குச் சாக்கு என்று அடிப்பாள் என நினைத்தேன். அவள் அடிக்கவில்லை. என் சொல்லையே எடுத்து, "அவள் எப்படியும் திரும்பி வரப்போவதில்லை" என்றாள்.

பன்னிரண்டையும் கழுவித் துடைத்து அடுக்கினேன்.

குப்பத்து ஜனங்களே, உங்களிடம் ஒன்று மட்டும் கேட்கவேண்டும். நாங்கள் கப்பலேறிய அன்று எங்கள் அம்மா வீட்டைப் பெருக்கினாளா? பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லி அனுப்புங்கள். பெருக்கியிருந்தாலும் பரவாயில்லை, சொல்லி அனுப்புங்கள்.