முதல்வர் கழுவாத கோப்பைகள்

நியூசிலாந்தின் ஒனிஹங்காவில் போதகர்களைப் பயிற்றுவிக்கும் எங்கள் சுவிசேஷக் கல்லூரியில், முற்பகல் தேநீருக்குப் பிறகு கோப்பைகளைக் கழுவுவது முதல்வரின் வேலையாக இருந்தது. யாரும் விதித்ததன்று. ஓய்வுபெற்றுச் சென்ற முதல்வர், இந்நாட்டில் பிறந்த வெள்ளையர், பல ஆண்டுகளாகத் தாமே அதைச் செய்துவந்தார். அவர் கழுவ, மாணவர் எவரேனும் அருகில் நின்று துடைப்பார். இருவர் பார்வையும் கோப்பைகள் மேலேயே இருக்கும். முகம் பார்த்துப் பேசவேண்டிய கட்டாயமில்லை. தன்னை ஊழியத்திற்குக் கடவுள் அழைத்தது உண்மைதானா என்ற சந்தேகம், வீட்டுச் சண்டை, விசா கவலை எல்லாம் அங்கேதான் இறக்கிவைக்கப்பட்டன என்று மாணவர்களே பின்னர் சொல்வார்கள். நான் நூலகர், நூலகக் கதவு அந்தச் சமையலறையை நோக்கித் திறக்கும். சொற்கள் என் காதில் விழுந்ததில்லை. குழாயின் ஒலி வெகுநேரம் நீண்டால், யாரோ மனம் திறக்கிறார்கள் என்று மட்டும் அறிவேன்.

அவருக்குப் பின் வந்த முதல்வர் யாழ்ப்பாணத்துக்காரர். தமிழர்களான எங்கள் பெருமையைச் சொல்லி முடியாது. முந்தையவர் எல்லாவற்றையும் சொல்லிவைத்திருந்தார் போலும். முதல் நாளே சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயைத் திறந்தார். திருநெல்வேலியிலிருந்து வந்து பாபடோயிட்டோயில் வசித்த மாணவி ஒருத்தி, முதியோர் இல்லத்தில் செவிலியாக வேலை பார்த்துக்கொண்டே படித்தவள், ஓடிப்போய் அவர் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள்.

“ஐயா, நீங்க போய் உக்காருங்க. நாங்க இருக்கும்போது நீங்க கழுவுறதா?”

“ஏன் பிள்ளை, ஆண்டவர் சீஷரின்ரை கால் கழுவினதைப் பற்றிப் படிப்பிக்கலாம், கோப்பை கழுவக் கூடாதோ?”

“அது வகுப்புல ஐயா. இங்க கழுவுனா பாவம் எங்களுக்குத்தான்.”

எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே கையைத் துடைத்தார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அவர் நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே வேறு கைகள் முந்தின. அதுவும் போதாதென்று, ஞாயிறுதோறும் எங்கள் சிற்றாலயத்தில் கூடும் தமிழ்ச் சபையார், புதிய முதல்வரைக் கௌரவித்துப் பாத்திரம் கழுவும் இயந்திரம் ஒன்றை வாங்கித் தந்தார்கள். அவர் நன்றி சொன்னார். பிறகு தேநீரைத் தம் அறைக்கே எடுத்துச் செல்லத் தொடங்கினார். அந்த அறைக் கதவு எப்போதும் திறந்தேதான் இருந்தது.

குளிர்காலத்தில் ஒருநாள் அந்தத் திருநெல்வேலிப் பெண் அவர் அறை வாசல்வரை போய்விட்டு நூலகத்துக்குத் திரும்பி வந்தாள். முதியோர் இல்லத்தில், இறக்கும் தறுவாயில் இருந்த ஒருவர் ஜெபிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இவளுக்கு ஒரு சொல்லும் வரவில்லை. அன்றிலிருந்து தனியாகவும் ஜெபிக்க முடியவில்லை.

“உள்ள போய்ச் சொல்லும்மா. நல்ல மனுஷர்.”

“நல்லவர்தான் அக்கா. ஆனா அவருக்கு நேரா நாற்காலியில உக்காந்து, போதகராகப் படிக்கிற எனக்கு ஜெபமே வரலன்னு எப்படிச் சொல்ல? கோப்பை துடைச்சுக்கிட்டே நின்னா சொல்லியிருப்பேன்.” கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “அதையும் நான்தானே கெடுத்தேன்,” என்று லேசாகச் சிரித்தாள்.

இன்னொரு நாள் பார்க்கலாம் என்று போனவள், விடுமுறைக்குப் பின் வரவில்லை. படிப்பைக் கைவிடுவதாக அலுவலகத்துக்கு மின்னஞ்சல் மட்டும் வந்தது. முதல்வர் நூலகத்துக்கு வந்து என் மேசையருகே நின்றார்.

“அந்தப் பிள்ளை ஏன் எனக்கு ஒண்டும் சொல்லேல்லை?”

அவள் கடைசியாக என்னிடம் வந்தபோது, யாரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்கவில்லை. ஆகவே ஜெபம் நின்றுபோனதையும், வாசல்வரை வந்து திரும்பியதையும், கோப்பைகளைப் பற்றி அவள் சொன்னதையும் சொன்னேன்.

“எனக்கும் அப்பிடி ஒரு காலம் இருந்தது,” என்றார். “கன காலம் ஜெபிக்க ஏலாமல் இருந்தனான். அவவுக்கு அதைச் சொல்லியிருப்பன்.”

அவர் அவளைத் தொலைபேசியில் அழைத்ததாகப் பின்னர் அறிந்தேன். அவள் மரியாதையாகப் பேசினாளாம். வேலை அதிகம் என்றாளாம்.

என்னிடம் பேசியதற்கு அடுத்த நாள் தேநீர் முடிந்ததும் முதல்வர் சமையலறைக்குள் வந்தார். இயந்திரத்தில் அடுக்கியிருந்த கோப்பைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, குழாயைத் திறந்தார். வாசலில் நின்ற மாணவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மெஷின் பழுதாயிடுச்சா ஐயா?” என்று ஒருவர் தயங்கிக் கேட்டார். “ஆளைக் கூப்பிடட்டுமா?”

“இல்லை, அது நல்லா வேலை செய்யுது,” என்றார், திரும்பாமலே.

மாணவர்கள் ஓசைப்படாமல் வகுப்புக்குக் கலைந்தார்கள். குழாயின் ஒலி வெகுநேரம் கேட்டது. துடைக்கும் துணி கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.