உடப்புசல்லாவையில் ஒரு சிலந்திக் கூடும் ஒரு லயமும்

நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவை பஸ் காலை ஒன்பதரைக்குப் புறப்பட்டது. ராகலையைத் தாண்டியதும் வீதியின் பாதியை மண் மூடிக் கிடந்தது. மீதிப் பாதியில் பஸ் ஊர்ந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார். கடந்த பின்புதான், "போன வாரம் இது இன்னும் மோசமா இருந்துச்சுங்க" என்றார்.

நான் வவுனியாவில் விலங்கியல் கற்பிக்கிறேன். கூட்டமாக வாழும் சிலந்திகள் எங்கள் பக்கத்துக் காய்ந்த பற்றைப் புதர்களில் உண்டு. மலைநாட்டில் அவற்றை நான் பார்த்ததில்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்த லோகேஸ்வரி, தான் வாழும் தேயிலைத் தோட்டத்து வேலியில் ஒரு கூடு இருப்பதாகப் படம் அனுப்பியிருந்தாள். "வந்து பாருங்க. நம்ம சண்டையையும் முடிச்சுக்குவோம்" என்று கீழே எழுதியிருந்தாள்.

கடைத்தெருவில் குடையோடு நின்றாள். ஓட்டோவுக்கு அறுநூறு ரூபாய். நான்கு கிலோமீட்டர் இறக்கம். தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில் அவளுடைய லயம், ஒரே கூரையின் கீழ் வரிசை அறைகளில் பத்துக் குடும்பங்கள். அதன் பின்னால் முள்கம்பி வேலி. வேலிக்கு அப்பால் பள்ளம்.

கூடு வேலி மூலையில் தொங்கியது. இரண்டு கை சேர்த்த அளவு. சருகும் வண்டுச் சிறகும் சேர்த்து நெய்த சாம்பல் மூட்டை. உள்ளே நூற்றுக்கணக்கான சிலந்திகள், பெரும்பாலும் பெண் சிலந்திகள். அவற்றில் பல முட்டையே இடாது. ஆனாலும் மற்றவற்றின் குஞ்சுகளுக்கு இரையை ஊட்டும். கடைசியில் தம் உடலையே குஞ்சுகளுக்குத் தின்னக் கொடுத்து முடியும்.

ஏன் என்பதுதான் எங்கள் சண்டை. விஞ்ஞானிகளும் இதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. கூட்டமும் கூட்டமும் போட்டியிடுகின்றன, நன்றாக அமைந்த கூடு பிழைத்துப் பெருகும், மற்றது அழியும், இயற்கை தேர்ந்தெடுப்பது கூட்டையே என்பது லோகேஸ்வரியின் கட்சி. ஒரு கூட்டில் இருப்பவை எல்லாம் நெருங்கிய உறவு, அக்காவின் குஞ்சைக் காப்பது தன் இரத்தத்தைக் காப்பதுதான், இதற்குக் கூட்டத் தேர்வு என்று தனியாக ஒன்று வேண்டாம் என்பது என் கட்சி. இரண்டும் ஒரே கணக்கை இரண்டு விதமாக எழுதுவதுதான் என்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் இருவருமே மதித்ததில்லை.

மாலையில் சிலந்திகள் வெளியே வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் போனோம். பின்சுவரில் என் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. மலை சரியலாம், எல்லோரும் வேறிடம் போக வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிப் போயிருந்தார்கள். எங்கே என்று சொல்லவில்லை. பத்துக் குடும்பத்துக்கும் ஒரே இடத்தில் காணி கிடைக்கும்வரை யாரும் தனியாகப் போவதில்லை என்று லயத்தில் முடிவு செய்திருந்தார்கள். பிரிந்தால் கேட்க நாதியிருக்காது என்ற பயம்.

லோகேஸ்வரியின் தம்பி சந்திரன் அடுத்த அறைகளில் இருந்தான். மனைவி புஷ்பாவும் ஏழு மாதக் குழந்தையும் அவனோடு. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வந்து வாசலிலேயே நின்றான்.

"அக்கா, நாளைக்குக் காலையில நாங்க போறோம். ராகலையில புஷ்பாவோட மாமா வீட்டுல ஒரு ரூம் தர்றாங்க."

"மத்தவங்க?"

"அவங்கள நானா இருக்கச் சொன்னேன்?"

சத்தம் கேட்டு அடுத்தடுத்த வாசல்களில் ஆட்கள் கூடினார்கள். கடைசி அறைக் காமாட்சி மழையையும் மீறிக் கத்தினாள். "இன்னைக்கு நீ போவ, நாளைக்கு இன்னொருத்தன் போவான். அப்புறம் மிச்சம் இருக்கவங்களுக்கு யாருடா காணி குடுப்பா?"

"புள்ள தூங்குற பக்கம்தாங்க வெடிச்சிருக்கு" என்றான் சந்திரன்.

லோகேஸ்வரி தம்பிக்கு எதிராகத்தான் பேசினாள். நிதானமாக, அழாமல் பேசினாள். அவன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டான். ஆனால் மனதை மாற்றிக்கொள்ளவில்லை.

விடிந்தபோது மழை தூறலாகியிருந்தது. வேலிக்கட்டை ஒன்று சாய்ந்து கூடு சேற்றில் விழுந்திருந்தது. குச்சியால் மெல்லப் பிரித்தேன். பெரும்பாலானவை நனைந்து செத்திருந்தன. கூட்டின் உள்ளறை ஒன்றில் மட்டும், சுருங்கிப்போன ஒரு பெண் சிலந்தியின் மேல் குஞ்சுகள் மொய்த்திருந்தன. உயிரோடிருந்த குஞ்சுகளைப் பிய்ந்த வலையோடு எடுத்துப் பற்றைக்குள் வைத்தோம். பிழைக்கும் என்று இருவரும் நம்பவில்லை.

எட்டு மணிக்கு ஓட்டோ வந்தது. இரண்டு பை, ஒரு காஸ் சிலிண்டர், தொட்டில் சேலை. பொருள் ஏற்ற லயத்திலிருந்து யாரும் வரவில்லை. நானும் சந்திரனும்தான் தூக்கினோம். புஷ்பா குழந்தையோடு வெளியே வந்தபோது காமாட்சி குடையை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை நனையாமல் ஓட்டோ வரை பிடித்தாள். பிறகு திரும்பிப் போனாள்.

ஓட்டோ கிளம்பும் முன் லயத்தின் நடுவீட்டுக்காரர் சாரதி பக்கம் குனிந்து, தாழ்ந்த குரலில் சாரதியின் போன் நம்பரைக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னொருவரும் நின்றார். லோகேஸ்வரி இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க கணேஷ்" என்றாள். "உங்க கணக்குப்படி என் தம்பி செஞ்சது சரிதானே?"

"நான் சிலந்தியைப் பற்றித்தான் சொன்னனான், லோகா."

"நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்."

கடைத்தெருவில் பத்தரை பஸ்ஸில் ஏறினேன். அவள் கை காட்டவில்லை, போகவும் இல்லை. பஸ் திரும்பும்வரை வீதியோரம் நின்றாள்.

மூடுபனியில் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் ஊர்தான் நினைவில் வந்தது. போர்க்காலத்தில் எங்கள் கிராமம் முழுவதும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டது. என்ன நடந்தாலும் பிரிவதில்லை என்று கோயில் வாசலில் சொல்லிக்கொண்டோம். மூன்றாவது இடப்பெயர்வில் சித்தப்பா மட்டும் குடும்பத்தோடு தனியே பிரிந்து போனார். அம்மா அவரைச் சபித்தார். கூட்டத்தோடு போன நாங்கள் இரண்டு பேரை இழந்தோம். தனியே போன சித்தப்பாவும் இரண்டு பேரை இழந்தார். எது சரி என்று எங்கள் வீட்டில் இன்றுவரை யாரும் பேசியதில்லை.

இதை லோகேஸ்வரியிடம் சொல்லத் தோன்றியது. போனைக்கூடக் கையில் எடுத்தேன். சொன்னால், "அப்ப நாங்க இங்கேயே இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்பாள். போனைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.