ஞாயிறு பூசையில் வாசித்த பக்கம்

ஞாயிறு காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்குக் காரியம் கெட ஆரம்பித்தது. மாதா கோயிலில் பூசை முடிந்து அறிவிப்புகள் சொல்லும் நேரம். புது வண்டி வாங்கியவர்கள் சாவியைக் கொண்டுவந்து ஆசீர்வாதம் வாங்குவதுபோல, நான் என் முதல் நாவலைச் சாமியாரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதைத் தூக்கிக் காட்டி, "நம்ம டீச்சர் எழுதுனது. ரெண்டு வரி வாசிக்கிறேன்" என்றார்.

நாவலிலேயே நன்றாக வந்த பக்கம் என்று ஓரிடத்தில் மாதா படம் ஒன்றைச் செருகி வைத்திருந்தேன். புத்தகம் அங்கேயே திறந்துகொண்டது.

பன்னிரண்டாம் வகுப்பில் தோற்ற ஒரு பெண், தென்னந்தோப்பு மோட்டார் ரூமுக்குள் ஒரு பகல் முழுவதும் ஒளிந்திருக்கும் பக்கம் அது. மூன்று வருடங்களுக்கு முன் ஆத்தூரில் எங்கள் தோப்பில் அப்படி ஒளிந்திருந்தவள் என் மகள். வெளியில் யாருக்கும் தெரியாது. அச்சுக்குப் போகுமுன், "என்னயப் பத்தி எதுவும் எழுதலயேம்மா?" என்று கேட்டிருந்தாள். "எல்லாம் கற்பனைதான்" என்று சொல்லியிருந்தேன்.

சாமியார் இரண்டு வரியில் நிறுத்தவில்லை. பக்கம் முடிவதற்குள் மகள் எழுந்து போய்விட்டாள்.

கோயில் வாசலில் பாடகர் குழு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏன் டீச்சர், அந்த மோட்டார் ரூம் புள்ள நம்ம பாப்பாவா?"

"கதைதான்க்கா."

"கதைக்கா இம்புட்டு வேர்க்குது ஒங்களுக்கு?"

ஸ்கூட்டரைக் காணோம். மகளின் போன் அணைந்திருந்தது. வீட்டில் நான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன்.

"அந்தப் பக்கத்த எழுதாமயே இருந்திருக்கலாமோ?" என்று கணவரிடம் கேட்டேன்.

"நல்லாத்தான எழுதிருக்க. அவகிட்டச் சொல்லாமப் போட்டதுதான் தப்பு. உக்காரு செத்த நேரம்."

உண்மை. பள்ளிக்கூடம் கிளம்புமுன் விடியற்காலைகளில் எழுதிய நாவல் அது. அந்தப் பக்கம் இல்லாமல் அது நிற்காது; இன்றும் அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் மகளை நேராகப் பார்த்து நான் சொன்னது பொய்.

மூன்று மணிக்கு ஸ்கூட்டர் வந்தது. சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வண்டிப் பெட்டியில் வைத்திருந்த பிரதி மகள் கையில் இருந்தது.

"ஆத்தூர் டேம்ல உக்காந்து முழுசாப் படிச்சிட்டேன்" என்றாள். "அந்தப் புள்ள உள்ள அழுதுக்கிட்டே இருந்தான்னு எழுதிருக்க. நான் எங்கம்மா அழுதேன்? நல்லாத் தூங்குனேன். என்கிட்டக் கேட்டிருந்தா சொல்லிருப்பேன்ல?"