ரெய்டு கார்டோடு சண்டை போட்ட மெர்லின் அக்கா

மெர்லின் அக்கா இறந்துபோனார் என்று அவர் தம்பி போனில் சொன்னபோது, நான் சர்வர் அறையில் குனிந்து டிஸ்க்குகளின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஐயோ, இனி இதை யார் பார்ப்பார்கள் என்றுதான் முதலில் பதறினேன். கப்பல் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித் தரும் எங்கள் துறைமுகத்துக் கிளியரிங் அலுவலகத்தில், சர்வரைக் கவனித்துக்கொண்ட அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு இந்தப் பதற்றம் புரியும்.

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் சர்வரில் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம். கப்பல் சரக்கின் ஆவணங்கள் எல்லாம் அதில்தான். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றவற்றை வைத்துச் சமாளிக்க ரெய்டு கார்டு உண்டு. ஆனால் டிஸ்க்குகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நம் திரையில் காட்டும் மென்பொருளைக் கார்டு செய்த கம்பெனி லினக்ஸுக்குத் தரவே இல்லை. விவரம் தெரிய வேண்டுமென்றால் சர்வரை நிறுத்தி, மறுபடி கிளப்பி, கார்டின் சொந்தத் திரைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். கப்பல் வந்து நிற்கும்போது எவன் நிறுத்துவான்? மிஞ்சியது, டிஸ்க் செத்தால் நிறம் மாறும் சின்ன விளக்கும் கார்டு போடும் கூச்சலும்தான்.

அந்தக் கம்பெனிக்காரரை அக்கா ஸ்பீக்கர் போனில் பிடித்தார். "சாவிய நீங்களே வச்சுக்கிட்டு பூட்ட மட்டும் விக்கியளோ?" கருத்தைப் பதிவு செய்துகொள்வதாக மறுமுனையில் அவர் பணிவாகச் சொன்னார். "பதிவு பண்ணி எங்க வைப்பிய? உங்க கார்டுலயா?" அலுவலகமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை.

அக்கா பெரியதாழையில் ஒரு கல்யாணத்துக்குப் போன அன்று ஒரு டிஸ்க் போய்விட்டது. கார்டு விடாமல் கத்தியது. கரண்ட் போனால் யூ.பி.எஸ். கத்துவதைக் கேட்டே பழகிய கணக்கர் அண்ணாச்சி, சத்தம் தாங்காமல் அறைக் கதவைச் சாத்திவிட்டார். சாயங்காலம் பட்டுப் புடவையோடு வந்த அக்கா கதவைத் திறந்து அலறினார். "அண்ணாச்சி, அது கரண்டுக்குக் கத்தல. டிஸ்க்கு சாவுதுன்னு கத்துது!" புது டிஸ்க்கை மாட்டி, செத்த டிஸ்க்கில் இருந்ததெல்லாம் அதில் நிரம்பி முடியும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஒரு சட்டம். டீ குடிக்கப் போகிற எவரும் அந்த விளக்குகளை எட்டிப் பார்த்து, நிறத்தை அக்காவிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். பச்சை என்றால் உடனே கேட்பார்: "கண்ணால பாத்தியா, பழக்கத்துல சொல்லுதியா?"

மருத்துவமனையில் கிடந்தபோதும் புது சர்வர் பேச்சுதான். "லினக்ஸோட பேசுத கார்டா வாங்குங்கலே. இல்லைன்னா கார்டே வேண்டாம், லினக்ஸே டிஸ்க்கப் பாத்துக்கிடும்" என்றார். மூச்சு வாங்கியது. சரி அக்கா, சரி அக்கா என்றேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் முதலாளி என் தோளைத் தொட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "புது சர்வருக்கும் அந்தக் கார்டையே ஆர்டர் சொல்லிட்டேன் தம்பி. நமக்குப் பழகினதுதானே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "யாருக்கு முதலாளி பழகினது? பழகின அக்காவ இப்பத்தான் மண்ணுக்குள்ள வச்சிட்டு நிக்கோம்!" என்று கத்திவிட்டேன். சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது. முதலாளி அங்கேயே போனை எடுத்து ஆர்டரை நிறுத்தச் சொன்னார்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கோபம்தான். இதை ஆறவிட மாட்டேன்.