தயிர் கலங்காத கார்

பெரியப்பாவுக்குக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நூலை விரலால் உருட்டிப் பார்த்து இன்ன நம்பர் என்று சொல்லிவிடுவார். காருக்கு எத்தனை சக்கரம் என்று கேட்டால் குனிந்து எண்ணித்தான் சொல்வார். அப்படிப்பட்டவர் கார் வாங்கப்போகிறார் என்றதும் எடப்பாடியில் பாதிப் பேர் எங்கள் ஜவுளிக்கடைக்கு வந்து யோசனை சொல்லிவிட்டுப் போனார்கள். ஜவுளிதான் யாரும் வாங்கவில்லை.

கார் வேண்டியிருந்தது அக்காவுக்காக. பெரியப்பாவின் ஒரே மகள். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் வேலையாயிருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் முழுகாமல் இருந்தாள். கட்டுச்சோறு செய்து கொண்டுபோய்ப் பந்தி வைத்துவிட்டு, பெண்ணைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது எங்கள் பக்கத்து வழக்கம். முந்திய தடவை அப்படி மாட்டுவண்டியில் அழைத்து வந்தபோது மலைப்பாதையிலேயே வலி கண்டு, பிள்ளை தங்காமல் போயிற்று. எனக்குச் சொன்னதெல்லாம் வண்டி குலுங்கிவிட்டது என்பதுதான். ஏழு வயதில் நான் அந்த மாடுகள் மேல் வெகுகோபமாக இருந்தேன்.

சேலத்துத் தரகர் முதலில் காட்டியது புத்தம்புதிதாய் மின்னிய ஒரு கார். முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம் போல இருந்தது.

"மலையில காத்தாப் பறக்குமுங்க!" என்றார் தரகர்.

"ஏறறது கெடக்கட்டுங்க. எறங்கறப்ப எப்படிங்க?" என்றார் பெரியப்பா.

பதிலுக்குக் காத்திராமல், கெட்டியாகத் தோய்ந்த எருமைத்தயிர் ஒரு சட்டி கொண்டுவந்திருந்ததைப் பின்சீட்டில் பிரிமணை போட்டு வைத்தார். ஒரு பக்கம் பெரியம்மா, மறுபக்கம் நான். யாரும் சட்டியைத் தொடக்கூடாது என்று உத்தரவு. கார் உண்மையிலேயே பறந்தது. ஏறி இறங்கி, அடிவாரத்துக் கொண்டப்பநாயக்கன்பட்டிக்கு வந்ததும் பெரியப்பா சட்டியின் மேல்துணியை விலக்கினார். பாதி மோராகியிருந்தது, மீதி பெரியம்மாவின் புடவையில் இருந்தது.

"தயிர் விக்கறதுக்கா கார் வாங்கறீங்க?" என்று தரகர் சிரித்தார்.  மகள் பிள்ளையாண்டிருக்கும் சேதியை வெளியாளிடம் சொன்னால் கண் பட்டுவிடுமாம். தயிர்ப் பைத்தியம் என்று பெயர் வாங்கினாலும் பரவாயில்லை என்று பெரியப்பா இருந்துவிட்டார்.

அடுத்த வாரம் இன்னொரு கார், இன்னொரு சட்டி. இது பழையது, உயரமானது, வண்ணம் உரிந்தது. நடந்துபோகிறவர்களோடு குசலம் விசாரித்துக்கொண்டே போகலாம், அவ்வளவு வேகம். பாதி மலையில், மேடு செங்குத்தாக நிமிர்ந்த இடத்தில், இருமிவிட்டு நின்றது. டிரைவர் பதறவில்லை. காரைத் திருப்பி, பின்பக்கமாகவே ஏற்ற ஆரம்பித்தார்.

"பெட்ரோல் டாங்கி சீட்டுக்கடியில இருக்குதுங்க. மூஞ்சி மேல தூக்குனா எஞ்சினுக்குப் பெட்ரோல் போகாது. இப்படித் திருப்பிப் போட்டா தானா எறங்கிருமுங்க."

நாங்கள் சேலத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்காட்டுக்குப் போனோம். எனக்கு அப்படியொரு சந்தோஷம். பெரியம்மாவின் முகம்தான் சுருங்கிவிட்டது.

"ஏனுங்க, சம்பந்தி ஊட்டுக்கு முதுகைக் காட்டிட்டா போவாங்க? ஊரு சிரிக்காதுங்களா?"

 மலை இறங்கியபின் பெரியப்பா துணியை விலக்கினார். ஏடுகூடக் கிழியவில்லை. அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிரிக்கட்டும் புள்ள. போறது முதுகு காட்டிப் போனாலும் வாரது நேரா வருதில்ல."

அன்றைக்கே அந்தக் காரை விலை பேசி முடித்துவிட்டார். ஆனாலும் பெரியம்மா விட்டுக்கொடுக்கவில்லை. கட்டுச்சோற்றுப் பானைகளோடு போனபோது, தோட்டத்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னாலேயே காரை நேராகத் திருப்பவைத்துத்தான் சம்பந்தி வீட்டுக்குள் நுழைந்தார். பார்த்தவர்களுக்கு நாங்கள் ராஜகளையோடு வந்து இறங்கியதாகத்தான் தெரிந்திருக்கும்.

மறுநாள் அக்காவை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே அவள். வாந்தி வந்தால் மோந்து பார்க்க என்று பெரியம்மா என் கையில் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்திருந்தார். எல்லோரும் இப்படி வாயை மூடிக்கொண்டு வந்த பயணத்தை நான் அதுவரை கண்டதில்லை. ஊர்க்கதை பேசவேண்டும் என்று நான் ஆரம்பித்ததெல்லாம் வீணாயிற்று.

கொண்டப்பநாயக்கன்பட்டியில், பாதை சமமானதும், பெரியப்பா காரை நிறுத்தச் சொன்னார். இறங்கிப் பின்கதவருகே வந்து குனிந்தார்.

"அசையுதா சாமி?"

"அசையுதுங்கப்பா," என்றாள் அக்கா.

அவர் தலையை ஆட்டிவிட்டு, விறுவிறுவென்று சாலையோரப் புளியமரத்துக்குப் பின்னால் போனார். போனவர் வரவில்லை. நான் இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். மரத்தில் ஒரு கையை ஊன்றி, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றார். தோள் இரண்டும் குலுங்கின. கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர். நான் எலுமிச்சம்பழத்தை நீட்டினேன்.

அவர் வாங்கி மோந்து பார்த்தார். "ஆமா சாமி, மலை எனக்கு ஒத்துக்கல," என்றார்.

கார் ஒத்துக்கொள்ளாத மனுஷன் எதற்கு இவ்வளவு பாடுபட்டுக் கார் வாங்கவேண்டும் என்று, எடப்பாடி வந்து சேரும்வரை எனக்கு அவர்மேல் ஒரே இளக்காரமாக இருந்தது.