பெலிண்டாவின் வந்துகள்

ஃப்ரிட்ஜை அணைத்தாயிற்று. மின்விசிறியை நிறுத்தியாயிற்று. சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் படுக்கையறை மெத்தைமேல் குப்புறப் போட்டாயிற்று. இனிப் பாக்கியிருப்பது கூடத்தில் செய்தித்தாள் புரட்டும் கணவர் சேஷு ஒருவர்தான். "ஏன்னா, கொஞ்ச நேரம் பேப்பரைத் திருப்பாம ஒரே பக்கத்தைப் படிங்கோ" என்று சொல்லிவிட்டு, கமலினி ஹெட்போனை மாட்டிக்கொண்டு தலையை இடப்பக்கம் சாய்க்கிறார். ஏதோ ஒலிப்பதிவு நடக்கப்போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். எப்போதோ பதிந்து வைத்ததைக் கேட்பதற்குத்தான் இத்தனை ஆர்ப்பாட்டம்.

ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதியில் இருக்கும் கமலினிக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. பிள்ளை வேலைக்கென்று வெளியூர் போனபின், மத்தியானங்கள் நீளமாகிவிட்டன. அதனால் பாட்காஸ்ட் ஒன்று தொடங்குவதென்று முடிவு செய்தார். பெயர் வைப்பதில் மட்டும் அவருக்குச் சிரமமே இருக்கவில்லை: 'ஒண்ணாம் நம்பர் பஸ்'. ஸ்ரீரங்கத்தில் கிளம்பி, காவிரிப் பாலம் ஏறி, சத்திரம், மெயின்கார்டு கேட் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு ஜங்ஷன் போகிற டவுன் பஸ் அது. இளம்வயதில் கண்டோன்மென்டில் ஒரு லாரிக் கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தபோது, அவருடைய காலைகளெல்லாம் அந்த பஸ்ஸில்தான் விடிந்தன.

கமலினி ஏறியதும் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் கைக்குட்டையைப் போட்டுவைப்பார். அதே ஆபீசில் வேலை பார்த்த பெலிண்டா மெயின்கார்டு கேட்டில் ஏறும்வரை அந்த இடம் யாருக்கும் கிடையாது. கைக்குழந்தையோடு வருபவர்களுக்கு மட்டும் விலக்கு. "ஏம்மா, கர்ச்சீப்புக்கும் டிக்கெட் வாங்கிட்டியா?" என்று கண்டக்டர் கேட்காத நாள் குறைவு. பாலத்தின்மேல் பஸ் ஏறியதும் ஜன்னல் வழியாக முகத்தில் அறையும் அந்த ஆற்றுக்காற்றைக் கமலினி இன்றும் மறக்கவில்லை. இப்போதும் அதே பாலத்தில் போகத்தான் செய்கிறார். ஆனால் பாலம் இறங்கினால் பெலிண்டா ஏறுவார் என்றில்லாத காற்று வெறும் காற்றுதான்.

முதல் பகுதிக்குப் பெலிண்டாவைத் தவிர வேறு யாரைப் பிடிப்பது? பொன்மலைக்கே போய், பெலிண்டா வீட்டு மேசையில் மடித்த கைக்குட்டையை விரித்து, அதன்மேல் போனை வைத்து, இருவரும் ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். கைக்குட்டை, மேசை அதிர்வு ஒலியில் ஏறாமலிருப்பதற்காம். அப்படித்தான் கமலினி சொல்கிறார்.

பெலிண்டா பிரமாதமாகப் பேசுவார். ஒரே ஒரு தொல்லை, வாக்கியத்துக்கு வாக்கியம் 'வந்து' வந்துவிடும். அந்தக் காலத்தில் மெயின்கார்டு கேட்டில் அவர் ஆரம்பித்த வந்து, பாலக்கரை தாண்டித்தான் வாக்கியமாகும். ஆபீசில் டெலிபோன் எடுக்கும் வேலை அவருக்குத்தான் வரவேண்டியிருந்தது. "இந்தம்மா வந்து வந்துன்னு முடிக்கறதுக்குள்ள பார்ட்டி போனை வெச்சுட்டுப் போயிடுவான்யா" என்று மேனேஜர் எல்லார் முன்னாலும் சொன்னார். ஆபீசே சிரித்தது. மேனேஜர் செத்துப்போய், லாரிக் கம்பெனியும் இழுத்து மூடப்பட்டுவிட்டது. அந்தச் சிரிப்பு மட்டும் பெலிண்டாவின் காதில் அப்படியே இருக்கிறது.

அதனால் பேசி முடித்ததுமே நிபந்தனை போட்டுவிட்டார். "இங்க பாருடி கமலி, இதுல வந்து, ஒரு வந்துகூட இருக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டுக்காரங்கல்லாம் கேப்பாங்க. இருந்துச்சுன்னா நீ போடவே கூடாது. சத்தியம் பண்ணு." கமலினியும் கையில் அடித்துச் சத்தியம் செய்தார்.

அன்று பிடித்தது அவருக்குச் சனி. எந்த மென்பொருளில் இதை வெட்டி ஒட்டுவது? இயல்பாகவே கமலினிக்கு எதையும் தேர்ந்தெடுக்க வராது. சின்னக்கடை வீதியில் புடவை எடுக்கப்போனால் கடைக்காரர் அலமாரியையே காலி செய்த பிறகு, முதலில் விரித்த புடவையை எடுத்துக்கொண்டு வருவார். மென்பொருளிலும் அதே கதைதான். ஒவ்வொன்றையும் சில நாள் இலவசமாக ஓட்டிப் பார்ப்பது, பெலிண்டா பேச்சின் ஆரம்பத்தை அதில் போட்டுக் கேட்பது, உதட்டைப் பிதுக்குவது, அழிப்பது. ஒன்றில் பெலிண்டாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. இன்னொன்று இரைச்சலை நீக்குகிறேன் பேர்வழி என்று பெலிண்டாவின் சிரிப்பையே நீக்கிவிட்டது. "நீ இதை வெளியில விடறதுக்குள்ள ஒண்ணாம் நம்பர் பஸ்ஸையே நிறுத்திடுவா போலிருக்கே" என்றார் சேஷு.

கடைசியில் இரண்டு மிஞ்சின. முதலாவது, கம்ப்யூட்டரில் காசில்லாமல் கிடைக்கும் பழைய மென்பொருள். ஒலி திரையில் அலை அலையாக ஓடும், வேண்டாததை நாமே தேடிக் கையால் வெட்ட வேண்டும். கமலினி அதற்கு வைத்த பெயர் டவுன் பஸ். எல்லா ஸ்டாப்பிலும் நின்று நின்று போகும். அதில் உட்கார்ந்து உட்கார்ந்து, பெலிண்டாவின் வந்துவைக் காதால் கேட்காமல் கண்ணாலேயே கண்டுபிடிக்கும் அளவுக்குத் தேறிவிட்டார். முன்னால் குட்டியாக ஒரு மேடு, பின்னால் இழுபடும் ஒரு வால், அதுதான் வந்து. ஆனால் ஒன்றை வெட்டுவதற்குள் கழுத்து பிடித்துக்கொண்டது.

இரண்டாவது புது ரகம். பேச்சைக் கேட்டுத் தானே தமிழில் எழுதித் திரையில் காட்டும். எழுத்தில் ஒரு சொல்லை அழித்தால் ஒலியிலும் அது போய்விடும். இதற்குப் பெயர் பாயிண்ட் டு பாயிண்ட், நடுவில் எங்கும் நிற்காது. பெலிண்டா பொன்மலை வீட்டைக் காலி செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை மகள் வீட்டோடு இருக்கப் பூனாவுக்குக் கிளம்புகிறார், இனி ஊர்ப் பக்கம் வருவது சந்தேகம் என்று தெரிந்தபோது, கமலினி யோசிப்பதை விட்டுவிட்டார். பெலிண்டா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு, சரி என்று தலையாட்டிவிட்டுப் போக வேண்டும். அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. வியாழக்கிழமை காலையில் 'வந்து' என்று தேடச் சொன்னார். திரை முழுக்க மஞ்சள் பூத்தது. அழி என்றார். எல்லாம் போயிற்று. வழக்கமாகச் சோதிக்கும் ஆரம்பப் பகுதியைக் கேட்டுப் பார்த்தார், வழவழவென்றிருந்தது. திருப்தியாகச் சமைக்கத் தளிகையறைக்குப் போனார்.

மத்தியானம் பெலிண்டா வந்தார். கணினிக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள். பஸ்ஸில் உட்கார்ந்த அதே வரிசையில் கமலினி ஜன்னலோரம், பெலிண்டா இந்தப் பக்கம். போனை வைப்பதற்கு நடுவில் கைக்குட்டை.

"ஏய், நானாடி இது? நியூஸ் வாசிக்கிறவங்க மாதிரி இருக்கேன்!" பெலிண்டாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கண்டக்டரைப் பற்றிய கதை ஓடியது. மேனேஜர் கதை ஓடியது. ஒரு தட்டுத் தடங்கல் இல்லை. கமலினிக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அந்த இடம் வந்தது. பெலிண்டாவுக்கு முதலில் நிச்சயமான கல்யாணம், பத்திரிகையெல்லாம் கொடுத்த பிறகு நின்றுபோயிற்று. என்ன பேசுவதென்று தெரியாமல் ஆபீசில் ஒருவரும் எட்டிப்பார்க்கவில்லை. விருந்துக்கென்று வாங்கிய சின்ன வெங்காயம் மூட்டையாகக் கிடந்தது. பெலிண்டா கொல்லையில் உட்கார்ந்து அதை உரித்துக்கொண்டிருந்தார். வெங்காயம் உரித்தால் அழுவதற்குக் காரணம் யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? கமலினி லீவு போட்டுவிட்டு, மெயின்கார்டு கேட் பக்கத்திலிருந்த அவர் வீட்டுக்குப் போனார். வெங்காய வாசனையே ஆகாத வீட்டுப் பெண், ஒரு வார்த்தை பேசாமல் எதிரில் உட்கார்ந்து சாயங்காலம்வரை உரித்தார். இரண்டு பேரும் நன்றாக அழுதார்கள். இதைத்தான் பெலிண்டா பதிவில் சொல்லியிருந்தார்.

ஸ்பீக்கரில் பெலிண்டாவின் குரல், சுத்தமாக, தெளிவாக: "அன்னிக்கு ஒருத்தரும் எங்க வீட்டுக்கு வரல. நீ உக்காந்து வெங்காயம் உரிச்ச."

"நிறுத்து" என்றார் பெலிண்டா. "திரும்பப் போடு."

திரும்பப் போட்டார்.

"நீ வந்தது எங்கடி?"

கமலினிக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. "நீதானேடி எல்லா வந்துவையும் எடுக்கச் சொன்ன?"

"அது இந்த வந்து இல்லடி!" பெலிண்டாவின் குரல் உடைந்துவிட்டது. "ஊரே வராதப்ப நீ வந்தியே, அதை எடுத்துட்டியே! நான் சொன்னதே அது ஒண்ணத்தான?"

கமலினி டவுன் பஸ்ஸைத் திறந்தார். வெட்டாத பழைய ஒலி அதில் அப்படியே இருந்தது. அலைகளை நகர்த்திக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றார். மேடும் வாலும், அடுத்தே இன்னொரு மேடும் வாலும். ஓடவிட்டார். "நீ வந்து... வந்து உக்காந்து வெங்காயம் உரிச்ச."

"ரெண்டு இருக்கு" என்றார் கமலினி. "இதுல எது சும்மா வந்து, எது நான் வந்த வந்து? சொல்லு, சும்மாவை வெட்டிடறேன்."

பெலிண்டா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார். "முதல்ல இருக்கறது பேச்சுக்கு வந்து... இல்ல, இரு, முதல்லதான் வந்த வந்து..." மறுபடியும் கேட்டார். பேசியவருக்கே தெரியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெலிண்டாவுக்குச் சிரிப்பு முட்டியது. கமலினிக்கும் தொற்றிக்கொண்டது.

"விடு. ரெண்டும் இருக்கட்டும்."

"மீதியெல்லாம்?"

"எதை வெட்டி எதை விடுவ? நான் வந்து, இப்படித்தான்னு தெரிஞ்சுக்கட்டும். அப்படியே போடு." பெலிண்டா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "முதல்லேர்ந்து கேப்போம். தண்ணி குடிச்சுட்டு வரேன்."

கமலினி பாயிண்ட் டு பாயிண்டை அழித்துவிட்டு, பதிவை முதலுக்குக் கொண்டுபோனார். சிரிப்புச் சத்தம் கேட்டு, மடித்த செய்தித்தாளும் கையுமாகச் சேஷு எழுந்து வந்தார். "அப்படி என்னதான்டி பேசியிருக்கேள், நானும் கேக்கறேனே" என்றபடி பெலிண்டாவின் நாற்காலியை இழுத்தார்.

கமலினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. போனுக்கு அடியிலிருந்து கைக்குட்டையை உருவி, அந்த நாற்காலியில் போட்டார்.