சிந்தியா அக்காவின் காற்று வேலை

எங்கள் அக்கா சிந்தியாவைப் பற்றி யாராவது "பொம்பள மெக்கானிக்காமே" என்று இழுத்துப் பேசினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மெக்கானிக் என்று மட்டும் சொன்னால் வாய் வலிக்குமா? தங்கவயலிலிருந்து தினமும் காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, அல்சூர் ஏரிக்குப் பின்னால் இருக்கும் கிளாரன்ஸ் அண்ணனின் பட்டறையில் பதினோரு வருடமாக வேலை செய்கிறாள். அதே ரயிலில்தான் நானும் வருகிறேன், சிவாஜிநகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு. பாதித் தூரம் நான் தூங்குவேன், மீதித் தூரம் அவள் என்னைத் திட்டுவாள்.

பட்டறைக்கு வருகிறவை பெரிய ஜீப்புகளும் எஸ்யூவிகளும். லீவு நாளானால் மலையிலும் சேற்றிலும் இறங்கும் ஆட்களுடையவை. சேற்றில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைப்பார்கள். ரோட்டுக்கு ஏறும்போது திரும்ப நிரப்ப வேண்டும். அத்துவானத்தில் பங்க்சர் கடைக்கு எங்கே போவது? அதனால் வண்டிக்குள்ளேயே ஒரு கம்ப்ரசர் வைத்துக்கொள்கிறார்கள். போன மாதம் பத்ரிநாத் என்பவரின் வண்டிக்கு அதைப் பொருத்தும் வேலை வந்தது.

"இந்த வண்டிய நீ தனியா முடி சிந்தியா. சரியா போச்சுன்னா காத்து வேல மொத்தமும் இனிமே உன் பொறுப்பு" என்றார் கிளாரன்ஸ் அண்ணன். பதினோரு வருடம் அடுத்தவர் வேலைக்கு ஒத்தாசையாகவே நின்றவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று நாள் செய்தாள். பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்த இண்டு இடுக்குக்குத் தோதாக இரும்புத் தகட்டை வெட்டி வளைத்து ஸ்டாண்டு செய்து, அதன் மேல் கம்ப்ரசரை உட்காரவைத்தாள். சூட்டுக் காற்றில் பிளாஸ்டிக் குழாய் இளகிவிடும் என்று கம்பி பின்னிய குழாய் போட்டாள். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர், ஆரம்பத்திலேயே ஒரு ஃபியூஸ். காற்றைச் சேர்த்துவைக்க வண்டிக்கு அடியில் சின்ன டேங்க். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்து, ஒரு குமிழி வந்தாலும் கழற்றி மாட்டினாள். கடைசியில் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் தன் கையாலேயே கன்னடத்தில் எழுதிய ஒரு சீட்டை ஒட்டினாள்: "டேங்க் இரண்டு நிமிடத்தில் நிறைந்து மோட்டார் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் உடனே அணைக்கவும்." அதைப் போனில் படம் எடுத்துவந்து காட்டினாள். "கரண்ட் ஆபீஸ் போர்டு மாதிரி இருக்குக்கா" என்று நான் கிண்டல் செய்தேன்.

இங்கே எங்கள் அப்பா வின்சென்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தங்கச் சுரங்கம் மூடும்வரை அங்கே கம்ப்ரசர் ஹவுசில் வேலை பார்த்தவர். காற்றை அழுத்தி அடைத்தால் அதிலிருக்கும் ஈரம் டேங்கில் தண்ணீராகக் கட்டும், தண்ணீர் நின்றால் துருப்பிடிக்கும். அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. மெஷினை நிறுத்திவிட்டு ஷிப்ட் இறங்குகிற ஆள் டேங்கின் அடி வால்வைத் திறந்துவிட்டுப் போவான். ஷிப்ட் ஏறுகிற ஆள் முதல் வேலையாக அதை மூடுவான். அக்காவுக்கும் அது கையிலேயே ஊறிவிட்டது. பட்டறைக் கம்ப்ரசரின் வால்வை மாலையில் திறந்துவிட்டு ரயிலுக்கு ஓடுவாள், காலையில் வந்து மூடுவாள். அந்த வெள்ளிக்கிழமை மாலை, அதே கையோடு பத்ரிநாத் வண்டியின் டேங்க் வால்வையும் திறந்துவிட்டு வந்துவிட்டாள். அவர் சனிக்கிழமை மதியம்தான் வருவதாக இருந்தது.

சனிக்கிழமை காலை ரயில் மாலூரைத் தாண்டும்போது கிளாரன்ஸ் அண்ணன் போன் செய்தார். "பத்ரிநாத் சார் நேத்தே வந்து வண்டிய எடுத்துட்டாரு. இன்னிக்கு ஆனேக்கல் பக்கம் ஆறு வண்டி போறாங்களாம். நீதான் எல்லாம் முடிச்சிட்டியே, சாவிய குடுத்துட்டேன்."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "டேய் லாயிட், வால்வு தொறந்தே கெடக்குடா. அவரு ஸ்விட்ச் போட்டா காத்து பூரா கீழயே போயிடும். டேங்க் நெறயாது. மோட்டார் நிக்காம ஓடி எரிஞ்சிடும்."

பத்ரிநாத்துக்கு எட்டு முறை அடித்தாள். லைன் கிடைக்கவில்லை. நான் என் அறிவுக்கு எட்டிய யோசனையைச் சொன்னேன். "எரிஞ்சா எரியட்டும்கா. கம்ப்ரசர் கம்பெனி மேல போட்டுடலாம். யாருக்கு இன்னா தெரியப் போவுது?"

அவள் திட்டக்கூட இல்லை. "உன் ஸ்கூட்டர்ல பெட்ரோல் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கி, அங்கே நிறுத்திவைக்கும் என் ஸ்கூட்டரை எடுத்து, கடைக்கு வயிற்றுவலி என்று போன் போட்டுவிட்டு, அவளைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஆனேக்கலுக்கு விட்டேன். அவள் திட்டாத அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஆறு வண்டி போன வழியை டீக்கடைகளில் கேட்டுக்கொண்டே போனோம். ஊரைத் தாண்டி, பாதி வற்றிய ஏரிப் பள்ளத்தின் கரையில் ஆறு வண்டிகளும் நின்றன. பத்ரிநாத் வண்டியின் பானெட் திறந்திருந்தது. தொப்பி போட்ட ஒருவர், "டப்பா மால்! கம்பெனிக்காரன சும்மா விடக் கூடாது" என்று கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தார். பத்ரிநாத் எங்களைப் பார்த்ததும், "ரெண்டு நிமிஷம் ஆகியும் நிக்கல, சிந்தியா. உங்க சீட்டுல எழுதியிருக்கேன்னு ஆஃப் பண்ணிட்டேன்" என்றார். நான் கிண்டல் செய்த அந்தச் சீட்டுக்கு மனசுக்குள் கும்பிடு போட்டேன்.

பழி போட ஆள் தயாராகவே இருந்தது. அக்கா வாயைத் திறக்காமல் குனிந்து வால்வைத் திருகியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள், "கம்பெனி மேலே குற்றமில்லை. தப்பு என்னுதுதான் சார்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கன்னடத்தில் சொன்னாள். திறந்ததும் தான்தான், மூடாமல் போனதும் தான்தான் என்று விளக்கினாள். இத்தனை நாள் காத்திருந்த பொறுப்பு கைக்கு வருமுன்னே போயிற்று என்று நினைத்தேன்.

பிறகு அந்த ஈரச் சேற்றில் மல்லாந்து படுத்து, வண்டிக்கு அடியில் நகர்ந்துபோய், வால்வைக் கால் சுற்றுத் திருகி மூடினாள். எழுந்து வந்து மோட்டார் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சூடு தணியும்வரை யாரையும் ஸ்விட்சைத் தொட விடவில்லை. அப்புறம் தானே போட்டாள். நான் போனில் நேரம் பார்த்தேன். ஒரு நிமிடம் நாற்பது நொடியில் மோட்டார் தானாக நின்றது. தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டார். அன்று மதியம் ஆறு வண்டிகளின் இருபத்திநாலு டயருக்கும் அந்த ஒரு கம்ப்ரசர்தான் காற்றடித்தது. நடுநடுவே நிறுத்தி அதற்கு ஓய்வு கொடுத்தாள். ஒரு டயர்கூட விட்டுப்போகவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் கிளாரன்ஸ் அண்ணனிடமும் ஒளிக்காமல் சொன்னாள். அவர் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார். "பத்ரிநாத் சார் போன் பண்ணாரு. இனிமே சிந்தியா தவிர யாரும் என் வண்டில கை வெக்கக் கூடாதுன்னுட்டாரு. அப்புறம் நான் இன்னா சொல்றது? திங்கக்கிழமலேர்ந்து காத்து வேல உன்னுது."

சாயங்காலம் வீட்டில் சாப்பிடும்போது அப்பாவிடம் நான்தான் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் கூட்டியும் சொன்னேன். அவர் முழுதும் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"வால்வ தொறந்தது யாரு?"

"நான்தான்பா."

"மூடினது?"

"நான்தான்."

"அப்ப ரெண்டு ஷிப்டும் நீயே பாத்திருக்க" என்று சொல்லி, தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார். எங்கள் அப்பா தன் பங்கு மீனை யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. அக்கா குனிந்தபடியே சாப்பிட்டாள், கண் மட்டும் கலங்கியிருந்தது. எனக்கு யாரும் மீன் வைக்கவில்லை. வைக்காவிட்டால் என்ன, நான் அவளுக்குத் தம்பி, அது போதும்.